இலவசப் பேருந்தில் டிக்கெட் கேட்டவர்

மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நான் கொஞ்ச காலம் தூண்டில் புழுவாக வேலை பார்த்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. சில நாள் ஒரு வாழைப்பழம் கிடைக்கும்.

விஷயம் இதுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை என்று அறிவித்த பிறகு, அந்த ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் காலை பஸ் நிற்காது. சரியாக அந்த நேரம் பார்த்து டிரைவருக்கு வலது பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிடும். கை நீட்டிக்கொண்டு நிற்கிற அத்தனை பெண்களையும் தாண்டிப் போய், வெகுதூரம் தள்ளி ஒரு நிமிஷம் நின்று, இவர்கள் டிபன் டப்பா குலுங்க ஓடி வருவதற்குள் கிளம்பிவிடும். ஆனால் ஆம்பளை ஒருத்தன் தனியாக நின்றால் நிற்கும். அவன் காசு கொடுப்பவன் அல்லவா?

அதனால் பெண்கள் எல்லாரும் மனை விற்பனை விளம்பரத் தட்டி ஒன்றின் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். ஸ்டாப்பில் நான் மட்டும் பையும் கையுமாக, ஒன்றும் தெரியாத பிள்ளை போல நிற்பேன். பஸ் என்னைப் பார்த்து நிற்கும். நான் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, செருப்பு வார் அறுந்ததுபோல் குனிவேன். அதற்குள் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஊரே வந்து ஏறிவிடும். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் அக்கா.

பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரர் உட்பட. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். அங்கே மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், புருஷனோடு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு. முக்காடு எப்போதும் தோளில்தான் கிடக்கும். பஸ் வரும்போது மட்டும் தலைக்கு ஏறும், சண்டைக்குத் தயாராகிறார் என்று அர்த்தம். ரம்ஜான் மாதத்தில் விடிவதற்குள் சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, தூங்கி வழிகிற மற்ற பெண்களைக் கிண்டல் செய்வார்.

"இவருதான் நம்ம முதலாளி. இவரு குடுக்கற பத்து ரூவாயிலதான் டீசலே ஊத்தறாங்க" என்று என்னைக் காட்டி மற்ற பெண்களிடம் சொல்வார். நான் தர்மபுரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, அக்காவின் கம்பெனி இருந்த அதே புது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் டூல் ரூமில் இருந்தேன். நானும் கான்ட்ராக்ட்தான். பர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் வரும், ஜன்னலில் திரை போட்டது. அது எங்கள் முன்னால் நிற்காமல் போவதில் எங்களுக்கு வருத்தமில்லை. அது எங்களுக்கானது என்று யாரும் சொல்லவில்லையே.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்று யாராவது கேட்டால், காசு இல்லாத பஸ்ஸில் டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டவர் என்றுதான் சொல்வேன். பெண்களுக்கும் ஒரு சீட்டு உண்டு. கட்டணம் இல்லை என்று அச்சடித்த சீட்டு. அப்போது மெஷின் வரவில்லை, டிக்கெட் கட்டிலிருந்து கிழித்துத்தான் தருவார்கள். கூட்டத்தில் அதை யார் கிழித்துக்கொண்டிருப்பது என்று கண்டக்டர் பெண்களைத் தாண்டிப் போய்விடுவார். வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன என்று பெண்களும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். அக்கா மட்டும் கண்டக்டரின் பையைப் பிடித்து இழுப்பார்.

"எனக்கு டிக்கெட்டு?"

"உனக்குத்தான் காசே இல்லையேம்மா, டிக்கெட்டு எதுக்கு?"

"கிழிச்சாத்தான் நான் ஏறுனேன்னு அர்த்தம். இல்லைன்னா உங்க டிப்போவுக்கு இந்தச் சீட்டுல காத்துதான் உக்காந்துட்டு வருது."

தனக்கு வாங்கியதோடு விடமாட்டார். தூங்குகிற பெண்களை எழுப்பி, "வாங்குடி, கையில வாங்கு" என்று ஒவ்வொருத்தர் கையிலும் சீட்டு வந்த பிறகுதான் உட்காருவார். ஒருநாள் புதிதாக வந்த ஒரு கண்டக்டர், பாவம், விஷயம் தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார்.

"ஓசி டிக்கெட்டுக்கு இவ்ளோ அதிகாரமா?"

முக்காடு தலைக்கு ஏறியது. "யாருங்க ஓசி? காலைல பல்லு வெளக்கற பேஸ்ட்ல இருந்து பொழுது சாஞ்சா வெக்கிற கொசுவத்தி வரைக்கும் வரி கட்டிட்டுத்தான் வந்து நிக்கறேன். செருப்புக்குக் கட்டறேன், செல்லுக்குக் கட்டறேன், எம் புருசன் மாத்திரைக்குக் கட்டறேன். உங்க சம்பளத்துல என் சோப்புக் காசும் இருக்குது. கிழிங்க."

அவர் கிழித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை, டிக்கெட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஸ்டாப்புக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே கிடக்கிற பேப்பரை பஸ் வருவதற்குள் மேய்ந்துவிடுவது என் பழக்கம். ஒருநாள் டவுன் பஸ்களால் இவ்வளவு நஷ்டம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இந்த ரோடு லாபத்துலயா ஓடுது?"

"ரோடு எங்கக்கா ஓடும்?"

"ஓடல இல்ல? சும்மாதானே கெடக்குது? அதுக்குக் கோடி கோடியாக் கொட்டறாங்களே, அத யாராச்சும் நஷ்டம்னு எழுதறாங்களா? என்னைய ஏத்திட்டுப் போற வண்டி மட்டும் எப்படி நஷ்டமாச்சு?"

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதே கேள்விதான். மேம்பாலத்தைப் பார்த்தால், இது லாபத்துலயா நிக்குது? ஊர் எல்லையில் வளைவு கட்டினால், இந்த வளைவு எவ்ளோ சம்பாதிக்குது? நான்கூட விளையாட்டாக, லைன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேரானபோது, "அக்கா, இந்த மோட்டார் நஷ்டத்துல ஓடுதாம்" என்றேன். சொம்பால் அடிக்க வந்தார்.

எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி வரப்போகிறது என்று ஆனது. அதற்கு ரோடு போட்ட வேகத்தை நான் கண்ணால் பார்த்தேன். நடுவில் அரளிச்செடி, இரண்டு பக்கமும் விளக்கு. அந்த விளக்கு வெளிச்சம் எங்கள் கேட்டுக்குப் போகிற மண்பாதை தொடங்குகிற இடத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். அங்கிருந்து பெண்கள் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பார்கள். நிலம் சலுகை விலைக்கு, கரண்டுக்குச் சலுகை, கட்டுகிற வரியில் ஒரு பங்கு திரும்ப வரும் என்றெல்லாம் டீக்கடைப் பேப்பரில் இருந்தது. அக்கா ஒரு வரி விடாமல் படித்துவிட்டுச் சொன்னார்.

"அவங்களுக்குக் குடுத்தா ஊக்கத்தொகை. எனக்குக் குடுத்தா ஓசி."

"ஊருக்கு வேலை வருதில்லக்கா" என்றேன். படித்தவன் பேசுகிற பேச்சு.

"வேல வரட்டும். வேலைக்கு நானும்தானே வர்றேன்? நான் வர்றதுக்குத்தான் பஸ்ஸு கேக்கறேன்."

அக்காவுக்கு அந்த பஸ் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். அவர் கணவர் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அது அக்காவின் ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் நடந்தது. அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற காசுக்கு அந்தக் கார்டு. வேலை இருக்கிறவரை கார்டு. "இந்த வேலைக்கு நான் சம்பளத்துக்கா போறேன்? கார்டுக்குப் போறேன் தம்பி" என்பார். டிஸ்பென்சரியில் பாதி மாத்திரை இருக்காது, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அதையும் வாங்கினார். ஆனால் ரத்தம் சுத்தம் செய்வதை வெளியே வாங்க முடியாது, அந்தச் சம்பளத்தில் முடியவே முடியாது.

கம்பெனி கேட்டைக் காலை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். லேட்டானால் அன்றைய வேலை போச்சு. அடிக்கடி லேட்டானால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கான்ட்ராக்டர் போனில் சொல்லிவிடுவார். அந்த நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிற பஸ் ஒன்றே ஒன்றுதான். அடுத்த பஸ் வரும்போது கேட் சாத்தி ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

கணவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முகம் வீங்கி, கால் வீங்கி. ஆனாலும் வாய் குறையவில்லை. "எம் பொண்டாட்டிக்கு டிப்போ மேனேஜர் வேலை. ஒயர் கட்டறது சைடு பிசினஸ்" என்பார். அக்கா அவர் தண்ணீர் டம்ளரில் பாதியை எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு மீதியைக் கொடுப்பார். அவ்வளவுதான் அவருக்கு அனுமதி.

அக்காவை எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். ஜவளகிரியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு சின்னப் பெண், கல்யாணமான புதிது. வீட்டில் கன்னடம். வாந்தி மயக்கமாக இருந்த நாட்களில் ஒருநாள், நிற்க முடியாமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டது. அக்கா ஓடிப்போய் ஆட்டோவுக்கு முன்னால் நின்றார்.

"எறங்கு."

"ஆகல்லக்கா" என்றது அந்தப் பெண், முடியவில்லை என்று.

"எனக்கும்தான் ஆகல. நீ இன்னைக்கு ஆட்டோவுல போனா நாளைக்கு நாலு பேரு போவாங்க. அப்பறம் ஆளே இல்ல, பஸ்ஸு எதுக்குன்னு கேப்பான். எறங்குடி."

கையைப் பிடித்து இறக்கியேவிட்டார். ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டே போனான். பஸ் வர நேரமாயிற்று. அந்தப் பெண் ஸ்டாப்பிலேயே குனிந்து வாந்தி எடுத்தது. அக்கா தன் முக்காட்டின் நுனியால் அதன் வாயைத் துடைத்துவிட்டார், முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆனால் பாவம் என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு அக்காவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு பஸ்ஸுக்காக இப்படியா என்று இருந்தது. அவர் பயந்தது சரிதான் என்று பிறகு தெரிந்தது. சரியாக இருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

அந்த வருஷம் அக்காவும் அந்தப் பெண்களும் வேலை பார்த்த கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. ஓவர்டைம். ஷிப்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, கான்ட்ராக்டர் வேன் ஏற்பாடு செய்தார். வேனுக்குச் சம்பளத்தில் பிடித்தம். இருந்தாலும் வீட்டு வாசலில் ஏற்றி கேட்டில் இறக்குகிற வேன். தட்டிக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், ஓட வேண்டாம். எல்லாரும் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஓவர்டைம் காசு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வருஷத்தில் எப்போதாவது கண்ணில் காட்டுகிற காசு.

அக்கா போகவில்லை. ஓவர்டைம் வேண்டாம், வழக்கமான நேரத்துக்கே வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். அவன் முறைத்தானாம். மறுநாளிலிருந்து அந்தப் பெரிய பஸ்ஸில் அக்காவும் நானும் மட்டும். ஏதாவது ஒருநாள் பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறுவார்.

"ஒருத்தியாச்சும் ஏறணும் தம்பி. சும்மா ஓடுனா எடுத்துருவாங்க" என்பார் அக்கா. சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, எப்போதும் உட்காருகிற அதே சீட்டில் உட்கார்ந்து, எப்போதும் போல் டிக்கெட் கேட்டு வாங்குவார்.

அப்போதைய கண்டக்டர் பாகலூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு பேசுபவர். நல்ல மனுஷன். ஆரம்பத்தில் அக்காவோடு சண்டை போட்டு, பிறகு, "வாங்க மேனேஜர் மேடம்" என்று கும்பிடுகிற அளவுக்கு வந்திருந்தார். ஒருநாள் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, டிப்போவுல பேசிக்கறாங்க. இந்த ட்ரிப்ப எடுத்துட்டு ரிங் ரோட்டுப் பக்கம் விடலாமாம். ஆளே இல்லையாமே."

அக்கா இறங்குகிற வரை காலிச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலை ஏறியதும் கேட்டார்.

"எல்லாருக்கும் சேத்துக் கிழிங்க."

கண்டக்டர் சிரித்தார். "யாருக்கு? பேய்க்கா?"

"வேன்ல போறவங்களுக்கு. ஆர்டர் முடிஞ்சா வேனை நிறுத்திருவான், எல்லாரும் இங்கதான் வரணும். அது வரைக்கும் எடத்தப் புடிச்சு வைங்க. ஜன்னல் வழியா கர்ச்சீப்பு போட்டு எடம் புடிக்கறதில்லையா? அது மாதிரிதான்."

"அக்கா, இது வேலைக்கு உலை வெக்கிற விஷயம்."

"காசு டிக்கெட்டா கேட்டேன்? காசில்லாத டிக்கெட்டுதானே? எவன் வீட்டு சொத்து போவுது?"

நம் ஊரில் பஸ்ஸுக்குள் ஏறாமலே கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிறோம். பிடித்த சீட்டில் வேறு ஒருத்தர் உட்கார்ந்தால் சண்டைக்குப் போகிறோம். அது பொய் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. வரப்போகிறவருக்கு இடம், அவ்வளவுதான். அக்கா ஒரு ட்ரிப்பையே அப்படிப் பிடித்து வைக்கலாம் என்று நினைத்துவிட்டார். டிக்கெட் கிழித்தால்தான் ஆள் என்று அத்தனை நாள் சாதித்தவருக்கு, ஆள் இல்லாமல் கிழிப்பது தப்பு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த ஆட்கள் இருக்கிறார்களே, பக்கத்து ரோட்டில் வேனில் போகிறார்களே என்பது அவர் கணக்கு.

கண்டக்டர் நாலைந்து நாள் மழுப்பினார். பிறகு ஒருநாள் டிக்கெட் கட்டை எடுத்தார். அக்கா ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொல்ல அவர் கிழித்தார்.

"ஜவளகிரிப் பொண்ணுக்கு ஒன்னு. மாடி வீட்டுக்காரிக்கு ஒன்னு. ரெட்டைப் பின்னலுக்கு ஒன்னு. அந்தச் சூளகிரி அம்மாவுக்கு ஒன்னு, அவங்க தங்கச்சிக்கு ஒன்னு..."

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல இருந்தது. ஆள் இல்லாத சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார், யார் எங்கே உட்காருவார் என்பது அவருக்குத் தெரியும். கிழித்ததை எல்லாம் டிபன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

இப்படி ஒரு மாதம் போல ஓடியது. ஆர்டர் முடியப் போகிறது, அடுத்த வாரம் வேன் நின்றுவிடும் என்று பேச்சு வந்தது. அக்கா முகத்தில் கொஞ்சம் தெளிவு. அந்த நேரம் பார்த்துத்தான் எஸ்டேட் முக்கில் செக்கிங் ஏறினார்கள்.

ஏறிய இன்ஸ்பெக்டர் கண்டக்டரின் டிக்கெட் கட்டை வாங்கிப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார். சத்தம்கூடப் போடவில்லை.

"எங்கப்பா இத்தனை பேரும்?"

கண்டக்டர் தலை குனிந்து நின்றார். அக்கா எழுந்தார். டிபன் பையைத் திறந்து அன்றைய சீட்டுகளை அள்ளி நீட்டினார்.

"சார், எல்லாம் எங்கிட்டதான் இருக்குது. நான்தான் கேட்டேன். அவரு மேல தப்பில்ல."

"நீ யாரும்மா?"

"இந்த வண்டியில தெனமும் வர்றவ சார்."

"ஒருத்திக்கு எதுக்கு இத்தனை டிக்கெட்டு?"

"அவங்க வருவாங்க சார். அடுத்த வாரம் வந்துருவாங்க."

இன்ஸ்பெக்டர் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார். மூளை சரியில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கண்டக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். கண்டக்டரை அன்று சாயங்காலமே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ட்ரிப்பை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள்.

திங்கள்கிழமை வேன் நின்றது. பெண்கள் எல்லாரும் பழையபடி தட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பஸ் வராது என்று தெரிந்தும், பழக்கத்தில் நான் முன்னால் நின்றேன். பஸ் வரவில்லை. ஒரு பெண் தட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அண்ணா, நல்லாத் தெரியற மாதிரி நில்லுங்க" என்றது. விஷயத்தை அக்காதான் சொன்னார். ஒளிக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார்.

எல்லாருக்குமாக இடம் பிடித்தவரை எல்லாருமாகச் சேர்ந்து திட்டினார்கள். "உன்னை யாரு கேட்டாங்க எங்க பேர்ல டிக்கெட்டு?" என்றது ரெட்டைப் பின்னல். ஜவளகிரிப் பெண் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனது. இந்த முறை அக்கா தடுக்கவில்லை.

அடுத்த திங்கள் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனார். துணைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கிருந்து இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"ஏற்கெனவே நஷ்டத்துல ஓடுன ட்ரிப்பும்மா. போதாக்குறைக்கு ஏறுன கணக்கே பொய்யின்னு ஆயிருச்சு."

"அந்த ஒரு மாசம்தான் சார் பொய். அதுக்கு முந்தி இத்தன நாளா ஏறுனது நெசம் சார். ஒவ்வொருத்திய எழுப்பி எழுப்பி வாங்க வெச்சேன்."

"அதை நான் எப்படிம்மா நம்பறது?"

அக்கா வாயைத் திறந்தார். ரோடு லாபத்திலா ஓடுகிறது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் திறந்த வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் டம்ளரை எடுத்து, பழக்க தோஷம், பாதியைக் கீழே ஊற்ற இடம் தேடியவர், நினைவு வந்து அப்படியே மேசையில் வைத்துவிட்டார். எனக்கு அந்த ஆபீசையே கொளுத்த வேண்டும் போலிருந்தது. அந்த மனுஷனை அல்ல, அவர் என்ன செய்வார்? அவர் முன்னால் இருந்ததும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் அரளிச்செடி வராது, விளக்கு வராது. டிபன் பைக்குள் இருந்த சீட்டு மட்டும் வரும்.

அதற்குப் பிறகு அக்கா நடந்தார். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி, ஹைவே ஓரமாக லாரி வெளிச்சத்தில். ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுத்தால் மாத்திரைக்குக் காசில்லை. ராத்திரியெல்லாம் கணவருக்கு மூச்சு வாங்கினால், காலையில் கிளம்ப நேரமாகும். நேரமானால் கேட் சாத்தியிருக்கும். சில நாள் சாத்திய கேட்டுக்கு வெளியே நிற்பதை நான் பார்த்தேன். செக்யூரிட்டியிடம் கெஞ்சவில்லை. திரும்பி நடப்பார். ஒருநாள் கான்ட்ராக்டர் போன் செய்தார். மற்ற பெண்கள் பலருக்கும் அதே போன் வந்தது. யாரிடமும் அவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை.

வேலை போனதும் கார்டு உடனே சாகவில்லை, கொஞ்ச நாள் ஓடியது. அதற்குள் வேறு வேலை தேடினார். இந்த வயதில் எடுக்கமாட்டோம் என்றார்கள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது லைன் வீட்டில் அவர்கள் கதவு பூட்டியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் என் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்போது நான் பழக்கூழ் ஆலைகளுக்கு மெஷின் சர்வீஸ் செய்கிறேன். போன சீசனில் பைக் மக்கர் செய்ய, கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினத்துக்கு டவுன் பஸ்ஸில் போனேன். வழியில் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். அதில் அக்கா. விரல் நுனியெல்லாம் மாம்பால் பட்டுப் புண்ணாகிக் கறுத்திருந்தது. என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"முதலாளி நல்லா இருக்கீங்களா?" என்றார்.

கணவரைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவரு போயிட்டாரு தம்பி. கார்டு முடிஞ்சப்பறம் ரொம்ப நாள் தாங்கல. கடைசி வரைக்கும் டிப்போ மேனேஜர்னுதான் கூப்புட்டாரு."

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தியைச் சொன்னேன். அந்தப் பாகலூர்க் கண்டக்டரை ஜவளகிரி ரூட்டில் ஒருமுறை பார்த்திருந்தேன். மறுபடி வேலையில் சேர்த்து, காட்டுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்தால் சொல்லச் சொன்னார், யார் சொல்லியும் கிழிக்கவில்லை, தெரிந்தேதான் கிழித்தேன் என்று. அக்கா தலையை ஆட்டினார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் வந்தார். எனக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, அக்காவையும் பின்னால் இருந்த பெண்களையும் தாண்டிப் போனார். நான் காத்திருந்தேன். இப்போது பையைப் பிடித்து இழுப்பார் என்று காத்திருந்தேன். முக்காடு தோளிலேயே கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இவங்களுக்கு டிக்கெட் குடுக்கலையே?"

"லேடிஸ்தானே சார்" என்றார் கண்டக்டர் திரும்பாமலே.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு தம்பி. என்னைய எண்ண வேணாம். என்னால நின்னு போன வண்டி ஒன்னு போதும்."

ஆலை ஸ்டாப் வந்தது. அக்கா இறங்கினார். பின்னாலிருந்து அத்தனை பெண்களும் எழுந்து இறங்கினார்கள். ஒருத்தர் கையிலும் சீட்டு இல்லை. பஸ் நிறைய ஆட்களோடு வந்த அந்த வண்டியில், டிப்போ கணக்குப்படி, நான் ஒருத்தன்தான் பயணம் செய்திருந்தேன்.